காப்புக் கட்டிய ஏழு பேரும் கட்டாத நானும்

என்ன தொழில் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே சொல்லில் பதில் வராது. கோயில்களுக்கு நாடகம் செய்து கொடுக்கிறேன். கதை எழுதுவது, ஆட்களைப் பழக்குவது, மேடைக்கு வெளிச்சமும் சத்தமும் போடுவது எல்லாம் என் வேலைதான். படித்தது மின்சாரம். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் இப்போது கொழும்பில் லிப்ட் பழுது பார்க்கிறார்கள், அல்லது கட்டாரில் இருக்கிறார்கள். நான் மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே, நான் பிறந்த அதே தோட்டத்தில் இருக்கிறேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

தொடங்கியது தற்செயலாகத்தான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட்காரர் வராமல் போன ஒரு வருடம், கல்லூரியில் நான் செய்த பலகையையும் இரவல் வாங்கிய ஸ்பீக்கர்களையும் வைத்துச் சமாளித்தேன். ஏழு சுவிட்ச், ஏழு டிம்மர் உள்ள பலகை அது. அடுத்த வருடம் நாடகத்துக்கும் வெளிச்சம் போடச் சொன்னார்கள். வெளிச்சம் போட்டபோது கதையில் இருந்த ஓட்டைகள் எனக்குத் தெரிந்தன. அதற்கடுத்த வருடம் கதையை நானே எழுதினேன். பிறகு ரத்தோட்டையில் ஒரு கோயில், உக்குவளையில் ஒரு கோயில். அலுவிகாரைப் பக்கம் ஒரு தேவாலயத்தில் நத்தார் நாடகத்துக்கு வெளிச்சம். டவுனில் ஒரு முஸ்லிம் பாடசாலையின் மீலாத் விழாவுக்குச் சத்தம். எந்த வீட்டுச் சாமியாக இருந்தாலும் என் வேலை ஒன்றுதான்: கடைசி வரிசையில் குந்தியிருப்பவருக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும்.

இவ்வளவும் எப்படி நடந்தது என்று கேட்டால், பட்டியல்களால் என்று சொல்வேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் ஒரு பட்டியல் எழுதுவேன். வயர் எத்தனை அடி, பிளக் எத்தனை, யாருக்கு எந்தச் சேலை, யார் சாப்பிட்டாச்சு, யார் சாப்பிடவில்லை என்பது வரை அதில் இருக்கும். எங்கள் குழுவில் ஏழு பேர். அவர்களும் அந்தப் பட்டியலை நம்பப் பழகிவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், அதாவது மஞ்சள் நூலைக் கையில் கட்டி விரதம் ஏற்றவர்கள், அந்தக் காப்பை அவிழ்க்கும் வரை மாலையில் விளக்கு வைப்பதற்குள் தோட்டத்து எல்லைக்குள் வந்துவிட வேண்டும். பகலில் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். விளக்கு வைத்த பிறகு எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. எங்கள் எல்லை, பெரிய ரோட்டுக்கு இறங்கும் வழியில் ஓடைமேல் உள்ள சிறிய பாலம்.

கொடியேற்றத்தன்று ஊரில் பலரும் காப்புக் கட்டுவார்கள். நாடகக்காரர்கள் மட்டும் எட்டாம் நாள், நாடகத்தன்று காலையில் கட்டுவார்கள். நான் சொல்லும் வருடத்துக்கு முந்திய வருடம் அந்தப் பூசை இழுத்துக்கொண்டே போய், பந்தலில் நான் லைட் கட்டுவதற்கு நேரமில்லாமல் ஆனது. ஆகவே இந்த முறை பட்டியலில் ஒரு வரியை மாற்றினேன். “நாடகக்காரர் ஏழு பேருக்கும் கொடியேற்றத்தன்றே காப்பு.” ஒரே பூசையில் எல்லாம் முடியும். எட்டாம் நாள் காலை முழுவதும் எனக்குக் கிடைக்கும். பூசாரியாரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “விரதம் கூடுனா ஆத்தாவுக்குச் சந்தோசம்தானே” என்றார்.

கொடியேற்றம் ஒரு புதன்கிழமை. அது எனக்கு மாதத்தில் கோயிலுக்குப் போகக் கூடாத மூன்று நாட்களில் முதல் நாள். கோயில் பக்கம் போகவில்லை, பட்டியலை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை அக்கா வந்தார். சொந்த அக்கா இல்லை, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்த லயம். கார்மெண்ட் ஆலையில் தையல் மெசின் ஓட்டுபவர். எங்கள் நாடகத்தில் ஆத்தாவாக வருபவர் அவர்தான். வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் புது மஞ்சள் நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு.

“எல்லாருக்கும் கட்டியாச்சு புள்ள. லிஸ்ட்ல இருந்தபடி.”

“நல்லது அக்கா.”

“நல்லதுதான். அப்ப சனிக்கிழம தம்புள்ளைக்கு எப்படிப் போறது?”

நான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தம்புள்ளை ஆட்டம் இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி முடித்தது. அங்கே பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் தமிழர்களும் மூட்டை தூக்கும் நாட்டாமிகளும் சேர்ந்து சின்னதாக ஒரு அம்மன் கோயில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வருடப் பூசைக்கு எங்கள் நாடகம். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. பழைய வழக்கப்படி எட்டாம் நாள் காப்புக் கட்டியிருந்தால் சனிக்கிழமை எல்லோரும் போகலாம். என் புது வரியினால் ஏழு பேரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கட்டுப்பட்டு நின்றார்கள்.

இரண்டு தேதிகளும் என் கொப்பியில் இருந்தன, ஒன்று ஒரு பக்கத்திலும் மற்றது இன்னொரு பக்கத்திலும்.

அது எனக்கு வெறும் ஓர் ஆட்டம் இல்லை. கொழும்பில் ஒரு லிப்ட் கம்பனியிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். தம்புள்ளைக் கோயில் தலைவரோ, ஆட்டம் சனத்துக்குப் பிடித்தால் மூன்று வருடத்துக்கு எங்களையே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். டவுனைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஒரு நிலையான இடம். எனக்கும் அம்மாவுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. அதை அம்மா சொன்ன விதம் இது:

“தம்புள்ளக்காரங்க மூணு வருசம்னு எழுதிக் குடுத்தா நீ நாடகத்தையே பாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி திங்கக்கிழம லெட்டர் போட்டுட்டு கொழும்புக்குப் பொட்டி கட்டு.”

அது நியாயமான பேச்சு. நானும் சரி என்றிருந்தேன்.

“காப்ப அவுத்துட்டு எட்டாம் நாள் திரும்பக் கட்ட ஏலாதா அக்கா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“கட்டுனத அவுக்க நான் யாரு? நீ யாரு?” என்றார் அக்கா. பிறகு சிரித்தார். “கொழும்புல லிப்ட்டுக்குக் காப்புக் கட்டுவாங்களா புள்ள?”

தலைவருக்குப் போன் எடுத்தேன். பகலில் ஆடலாமா என்று கேட்டேன். பின்னால் லொறிகளின் ஹோர்ன் சத்தம்.

“பகல்லயா? தங்கச்சி, பகல்ல இங்க சாமான் எறக்குறானுக. ஆத்தாளே நேர்ல வந்தாலும் ஓரமா நில்லுன்னுதான் சொல்லுவானுக. நோட்டீஸ் அடிச்சாச்சு. நீங்க வாங்க, அவ்வளவுதான்.”

பகலில் ஆடினால் என் வெளிச்சத்துக்கும் வேலையில்லை. ஆகவே அந்த வழி அதோடு முடிந்தது.

அன்று மத்தியானம் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திறந்தேன். எல்லை தாண்ட முடியாதவை என்று ஒரு பக்கமும், தாண்ட முடிந்தவை என்று மறு பக்கமும் எழுதினேன். முதல் பக்கத்தில் ஏழு பேர். மறு பக்கத்தில் நான், என் பலகை, பல்புகள், ஸ்பீக்கர், உடுப்பு, மேடைச் சாமான்கள். நீண்ட நேரம் பார்த்த பிறகு கடைசியில் ஒன்று சேர்த்தேன். குரல்.

எங்கள் நாடகத்தின் கதை எளிமையானது. அந்தக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த ஒரு கூட்டம். அதில் ஒருத்தி ஊர்க் கோயிலிலிருந்து ஒரு கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள். வழியில் காய்ச்சலும் பசியும் மழையும். ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஒவ்வொரு தங்கலிலும் கல் பேசுகிறது. அக்கா பட்டுச் சேலையும் முகப் பூச்சுமாக ஆத்தாவாக எழுந்து நிற்பார். மற்ற ஆறு பேர் நடக்கிறவர்கள். அந்தக் கூட்டம் நடந்த பாதை தம்புள்ளை வழியாகத்தான் வந்தது. இந்தக் கதையைத் தலைவர் கேட்டு வாங்கியதற்கும் அதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஏழு பேரும் குரல் பதியக் கூடினார்கள். எதிரொலி வராமலிருக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கம்பளி கொண்டு வரச் சொல்லிச் சுவரெல்லாம் தொங்கவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவர்கள் கோயிலுக்குப் போக வேண்டும், ஆகவே இரண்டு மணி நேரம்தான். நடந்து வருகிறவர்களின் காட்சிகளைப் பதிந்துகொண்டிருந்தபோது தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன், பிறகு இறக்கிவிட்டேன். கதையில் அந்த இடத்தில் காட்டில் மழை. இதைவிட நல்ல மழை எனக்கு எங்கே கிடைக்கும்?

அக்காவின் முறை வந்தபோது அவரைக் காணவில்லை. பின்கட்டிலிருந்து வந்தார். குளித்து, ஆத்தா வேடத்துக்கான மஞ்சள் பட்டைக் கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்துடன் நின்றார்.

“அக்கா, இது வெறும் ரெக்கோட்தான். யாரும் பாக்கப் போறதில்ல.”

“உனக்கு ரெக்கோட். எனக்கு வேசம்” என்றார். நாற்காலியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நின்றுகொண்டே பேசினார். ஒரு வரியைக்கூட இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வரவில்லை.

சனிக்கிழமை காலை என் மூன்று நாள் கழிந்து, தலைக்குக் குளித்துவிட்டு இறங்கினேன். மாத்தளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஒரு தம்புள்ளை லொறியில் இடம் கிடைத்தது. தனியாகப் போனேன். பயமாக இருந்ததா என்று அம்மா பிறகு கேட்டார். பயப்பட நேரமில்லை, நாலந்தை தாண்டும் வரை பல்பு ஹோல்டர்களுக்கு வயர் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மேடையில் நான் வைத்தவை ஏழு பொருட்கள். நடந்து வந்தவர்கள் சுமந்தவை: கம்பளி, சட்டி, ஊன்றுகோல், லாந்தர், பிள்ளைத் தூளி, கூடை. நடுவில் மஞ்சள் துணியின் மேல், வேப்பிலைக்கு மத்தியில் கல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பல்பு. எந்தக் குரல் பேசுகிறதோ அந்தப் பொருளுக்கு வெளிச்சம் வரும். ஏழு சுவிட்ச், ஏழு டிம்மர். கல்லூரியில் அந்தப் பலகையைச் செய்தபோது எதற்கு ஏழு என்று ஆசிரியர் கேட்டார், பெட்டியில் அவ்வளவுதான் இடம் இருந்தது என்றேன்.

தலைவர் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. மேடையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

“ஆளுங்க எங்க?”

விசயத்தைச் சொன்னேன். காப்பையும் சொன்னேன், என் பட்டியலையும் மறைக்கவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“சட்டி பானைய வச்சா சனம் என்னைய வையும் தங்கச்சி.”

“பத்து நிமிசம் பாருங்கண்ணே. சரி வரலன்னா நானே மைக்ல மன்னிப்புக் கேட்டுட்டு நிப்பாட்டிருவேன்.”

“மன்னிப்ப நல்லா சத்தமா கேளுங்க” என்றுவிட்டுப் போனார்.

முதல் பத்து நிமிடம் மோசமாகத்தான் இருந்தது. கூடைக்கு வெளிச்சம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு நாட்டாமி கத்தினார்: “டேய், கூட பேசுதுடா!” சட்டி அழுதபோது இன்னொருவர், “அடுப்புல வைக்காமலே பொங்குது” என்றார். சிரிப்பு ஓயவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். அவர்கள் சொன்ன கேலிக்கெல்லாம் நானும் உள்ளுக்குள் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மழை வந்தது. எங்கள் பிள்ளைக்காம்பராவின் தகர மழை. இரண்டு ஸ்பீக்கரிலும் அதை முழுசாகத் திறந்துவிட்டேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். கல்லுக்கு மட்டும் மெல்ல வெளிச்சம் ஏற்றினேன். அக்காவின் குரல் வந்தது.

“என்னையத் தூக்கிட்டு வந்தவங்களே. வழியில எத்தன பேர விட்டுட்டு வந்தீங்க?”

பதிவில் அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று விநாடி மௌனம். அதன்பின் நடப்பவர்கள் பதில் சொல்வார்கள். நான் எழுதிய பதில் அது, எனக்குப் பிடித்த வரிகள். ஆனால் இரண்டாம் விநாடியில் முன்வரிசையில் ஒரு பெண், வெங்காயம் தரம் பிரிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது, கும்பிட்ட கையோடு சொன்னார்:

“எங்களுக்குத் தெரியலயே தாயி.”

என் விரல் தானாகவே பதிவை நிறுத்தியது.

நாடகத்தில் நிறுத்தம் என்பது எனக்கு எப்போதும் அளவுதான். மூன்று விநாடி, ஐந்து விநாடி. அன்று எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. கூடை பேசுது என்று கத்திய அதே நாட்டாமி எழுந்து நின்று, “எங்க அப்பாவோட பாட்டன் ரெண்டு தம்பிங்களோட வந்தாராம். மாத்தளைக்கு அவரு மட்டுந்தான் போய்ச் சேந்தாராம் ஆத்தா” என்றார். பெயர்களைச் சொல்ல முயன்றார், நினைவுக்கு வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் வீட்டில் சொல்லிக் கேட்டதைச் சொன்னார். அந்தப் பெரிய ரோட்டுக்கு நூறு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அதே பாதையில் விழுந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராகக் கல்லிடம் சொன்னார்கள். எல்லோரும் முடித்த பிறகு, நான் எழுதிய பதிலைத் தாண்டிப் பதிவை ஓட்டி, ஆத்தாவின் அடுத்த வரியில் விட்டேன்.

“எல்லாரையும் நான் பாத்துக்கிட்டேன். நடங்க.”

குலவை எழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் நான் நிறுத்திக் காத்திருந்தேன்.

மறுநாள் காலை, தலைவர் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தாளைக் கொண்டு வந்து வைத்தார். மூன்று வருடம் என்று எழுதி, கோயில் முத்திரை குத்தியிருந்தது.

“ஆனா ஒன்னு. ஆளுங்கள கூட்டிட்டு வராதீங்க. இதே மாதிரி சாமான் மட்டும் போதும்.”

“ஏன் அண்ணே?”

“ஆளுங்க நடிச்சா சனம் வாயப் பொத்திக்கிட்டுப் பாக்கும். நேத்து அதுங்களே பேசுச்சுங்க.”

அவர் சொன்னது சரிதான், அதுதான் சங்கடம். நான் கையெழுத்துப் போடவில்லை. இடியப்பத்தை முடிக்கும் வரை யோசித்தேன்.

“ஏழு பேரும் வருவாங்க” என்றேன். “மேடையில சாமானுங்கதான் இருக்கும். அவங்க பக்கத்துல மறைவா நின்னு நேர்ல பேசுவாங்க. ரெக்கோட்டுக்குக் காது இல்லண்ணே. நேத்து நான் நிப்பாட்டி நிப்பாட்டிச் சமாளிச்சேன். நேர்ல பேசுறவங்கன்னா சனம் சொல்றதக் கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பேசுவாங்க. எங்க காப்ப பழையபடி எட்டாம் நாளுக்கே வச்சுக்கிட்டு, ஒங்க ஆட்டத்துக்கு ஒங்க கோயில்லயே காப்புக் கட்டுவோம்.”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். “பேசுறதுல நம்மளவிட யாவாரி” என்றார். “ஆளுங்க வேண்டாம்” என்ற வரியை எழுதாமலே தாளைத் தந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பஸ்ஸில் வந்து இறங்கி ரோட்டிலிருந்து மேலே நடந்தபோது, பாலத்தின் அந்த முனையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பகல்தான், தாண்டி வந்திருக்கலாம். வரவில்லை. கைப்பிடிச் சுவரில் காப்புக் கட்டிய கையை வைத்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டார்.

“என்னாச்சு புள்ள?”

தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் கையைத் தட்டினார். பக்கத்தில் போன பிறகுதான் மற்றதைச் சொன்னேன். தம்புள்ளையில் இனி அவர் மேடையில் நிற்க மாட்டார். பட்டும் பூச்சும் இல்லை. குரல் மட்டும்.

ஆறு வருடமாக ஆத்தாவாக நின்றவர் அவர். சின்னப் பிள்ளைகள் கார்மெண்ட் பஸ்ஸில் அவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் மொகத்த யாரும் பாக்க மாட்டாங்க.”

“நம்ம கோயில்ல பாப்பாங்க அக்கா. அங்க மட்டுந்தான் இப்படி. ஒங்களுக்கு இஷ்டம் இல்லாட்டி நான் வேற ஆளப் பேசச் சொல்ல மாட்டேன். தாளத் திருப்பிக் குடுத்துருவேன்.”

“திருப்பிக் குடுத்துட்டு?”

“கொழும்புக்குப் பொட்டி கட்டுவேன்.”

நான் அதை மெய்யாகவே சொன்னேன். அவருக்கும் தெரிந்தது.

“நான் கேட்டதுக்கு அவங்க பதில் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

சொன்னேன். வெங்காயக்காரப் பெண் சொன்னதையும், பெயர் நினைவு வராமல் உட்கார்ந்த நாட்டாமியையும் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார்.

“அந்த ஆளுக்கு நான் ஏதாச்சும் சொல்லியிருக்கணும்” என்றார். “பேரு தெரியாட்டியும் பரவாயில்லன்னு. அடுத்த வருசம் சொல்றேன். ஆனா பட்டுக் கட்டித்தான் பேசுவேன். நின்னுக்கிட்டுத்தான். யாரு பாத்தாலும் பாக்காட்டியும்.”

“சரி அக்கா.”

“லிஸ்ட்ல எழுது.”

அங்கேயே கைப்பிடிச் சுவரில் கொப்பியை வைத்து எழுதினேன்: பட்டு, ஒன்று. நாற்காலி வேண்டாம். பிறகு பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு ஆட்டத்தின் தேதிக்கும் பக்கத்தில் காப்பு என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன்.

அம்மா தாளை இரண்டு தரம் வாசித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். முன்பு சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை, லிப்ட் கம்பனிக்கு நான் எழுதிய பதிலுக்குத் தபால் முத்திரை ஒட்டிக் கொடுத்தது அவர்தான்.